கெப் இழுக்குதில்லையா? பம்ப் ஸ்குரூவில் கைவைக்க முதல்

செங்கலடியில் பதுளை வீதி ஓரமாகக் கராஜ் வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. மலைக்கு ஏறப் போகிறவர்களும், ஏற முடியாமல் திரும்பி வருகிறவர்களும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் பக்கம் தட்டை நிலம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எவ்வளவு தூரம் ஓடினாலும் ஏற்றம் என்று சொல்லப் பாலங்கள்தான் இருக்கின்றன. அதனால் வாகனத்தின் வலு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது மாதக்கணக்கில் தெரியவே தெரியாது. பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு என்று இறக்க வேண்டி வரும்போதுதான் தெரியும். அடுத்த நாள் காலையில் வாசலில் நிற்பார்கள்: "அண்ணன், வாகனம் இழுக்குதில்ல. பம்பைக் கொஞ்சம் கூட்டி விடுங்க."

அந்தக் "கூட்டி விடுங்க"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டீசல் பம்பில் உள்ள ஸ்குரூவைத் திருப்பி, இஞ்சினுக்குப் போகும் டீசலைக் கூட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வருகிற கெப் (பின்பெட்டி உள்ள பிக்அப்) வாகனங்களில் பெரும்பாலானவை கம்பனி விட்டபடி இல்லை. பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், இரும்பு பம்பர், மேலே ராக், காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நோர்கல் குழாய், சிலவற்றில் வேறு வாகனத்து டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), இன்னும் சிலவற்றில் இஞ்சினே வேறு. இப்படிப்பட்ட வாகனத்தில் இழுவை குறைந்தால் அதற்கு இரண்டு கணக்கு இருக்கிறது. நீங்கள் பூட்டிய சாமான்கள் எடுத்துக்கொண்ட பங்கு ஒன்று. உண்மையான பழுது எடுத்துக்கொண்ட பங்கு இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் டீசலைக் கூட்டினால் புகை கூடும், சூடு கூடும், பழுது அப்படியே இருக்கும்.

நான் சொல்வது பெரும்பாலும் பழைய பம்ப் டீசல்களைப் பற்றி. ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல், மிட்சுபிஷி எல்200இன் 4டி56, நிசானின் டிடி27 மாதிரியானவை. கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் கொம்மன் ரெயில் இஞ்சின்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

முதலில் கேள்வி, பிறகு சாவி

எப்போதிலிருந்து இழுக்கவில்லை? டயர் மாற்றிய நாளிலிருந்தே என்றால் டயரில்தான் தேட வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்தது என்றால் பில்டர், நொசில் (டீசலைத் தூவும் முனை), கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) மாதிரியான தேய்மானங்கள். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று இல்லை என்றால் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது, கிழிந்திருக்கிறது, அல்லது அடைபட்டிருக்கிறது. அப்புறம், கடைசியாக யார், எதைத் தொட்டார்கள்? இந்தக் கேள்விக்கு எல்லோரும் "ஒண்டும் செய்யல்ல" என்றுதான் தொடங்குவார்கள். ஒரு தேநீர் முடிவதற்குள் "போன கிழமை எயார் ஹோர்ன் ஒண்டு பூட்டினது, அவ்வளவுதான்" என்று வரும். அந்த ஹோர்ன் கதை கீழே வருகிறது.

டயர், பாரம், காற்று

235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால் 787 மில்லிமீற்றர். 7 வீதம் பெரிது. 33 போட்டால் 14 வீதம். உங்கள் டிபரன்சலின் (அச்சில் உள்ள பற்சக்கரப் பெட்டி) விகிதம் 4.1 என்றால், 31 அங்குல டயரோடு அது 3.8 போலத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத 3எல் இஞ்சினுக்கு மொத்தமே 90 குதிரைவலு அளவுதான். அதற்கு இந்த 7 வீதம் சின்னச் செலவு இல்லை. டயரின் நிறையும் கூடியிருக்கும். சுழலும் நிறை கூடினால் வேகம் எடுக்கும்போதுதான் அது அதிகம் உறைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோ மீற்றர் குறைத்துக் காட்டும். முள் 60இல் நிற்கும்போது வாகனம் 64இல் போகும். அதனால் "முந்தி மாதிரி 80க்கு ஏறுதில்ல" என்று சொல்பவர் ஏற்கெனவே 80க்கு மேல்தான் போய்க்கொண்டிருப்பார். முள்ளை நம்பி முறைப்பாடு சொல்ல வேண்டாம். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாரத்தை ஊகிக்கவும் வேண்டாம். பெரிய அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. வெறும் வாகனத்தை ஒரு தரம் அதில் ஏற்றுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விஞ்ச், இரும்பு பம்பர், பின்பெட்டிக் கூடு, ராக், இரண்டாவது பற்றரி எல்லாம் சேர்ந்தால் சில மூடை நெல்லைத் தூக்கிக்கொண்டே திரிகிறீர்கள் என்று தராசு சொல்லும். இறக்கி வைக்கக்கூடியதை இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் செங்கலடியிலிருந்து மேற்கே போனால் காற்று நேர் முகத்தில். ராக்கும் உயர்ந்த கூடும் உள்ள வாகனத்துக்கு அது ஒரு கியர் அளவு பாரம். அதே வீதியில் திரும்பி வரும்போது "இப்ப நல்லா இழுக்குது" என்பார்கள். எனவே எதைச் சோதித்தாலும் ஒரே வீதியில் இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

நான் செய்வது இதுதான். கறுத்தப் பாலம் தாண்டிக் கரடியனாறு போகும் வழியில், விடிய வெளிச்சம் வந்த பிறகு, மாடுகள் வீதிக்கு வர முதல், இஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், மூன்றாம் கியரில் ஜிபிஎஸ் வேகம் 30இலிருந்து 60க்கு முழுதாக மிதித்து எத்தனை விநாடி என்று பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் போனில் நேரம் பிடிப்பார். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. எழுதி வைப்பேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே இடத்தில் அதே சோதனை. "கொஞ்சம் பரவாயில்ல போல" என்ற சொல்லை வைத்து நான் காசு வாங்குவதில்லை.

இஞ்சினைத் திறக்க முதல் கீழே பாருங்கள்

இஞ்சின் தன் வேலையைச் செய்தும், வேறு ஏதோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கலாம். தட்டையான வீதியில் 40இல் நியூட்ரலுக்குப் போட்டு விட்டுவிடுங்கள். நல்ல வாகனம் சோம்பலாக நெடுந்தூரம் உருளும். சட்டென்று தளர்ந்தால் எங்கோ பிடிப்பு இருக்கிறது. பிரேக்கை அதிகம் பாவிக்காமல் சில கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தி, நான்கு றிம்மின் நடுவுக்கும் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று கொதித்தால் அந்தச் சில்லின் பிரேக் விடுபடவில்லை.

மீன் ஏற்றும் வாகனங்களில் இது அதிகம். பின்பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஹேண்ட் பிரேக் கேபிளில் வடிந்துகொண்டே இருக்கும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். உள்ளே நெம்பு இறங்கியிருக்கும், பின்னால் பிரேக் பாதி பிடித்தபடி நிற்கும். ஓட்டமாவடியிலிருந்து வரும் மீன் வியாபாரி ஒருவர் நொசில் மாற்றியும் இழுவை வரவில்லை என்று வந்தார். "நானா, ஒரு தரம் நியூட்ரலில விட்டுப் பாருங்க" என்றேன். வாகனம் தன்பாட்டில் நின்றது. பிரேக் கேபிள் மாற்றியதோடு அந்த வேலை முடிந்தது.

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போய் வருகிறவர்களுக்கு இன்னொன்று. சேற்றில் முன் சில்லுகளை அச்சோடு இணைக்கும் பிரீவீல் ஹப்பை லொக் பண்ணிவிட்டு, தார் வீதிக்கு ஏறியபின் மறந்துபோவது. சிலர் 4எச்சிலேயே (நான்கு சில்லும் இழுக்கும் நிலை) ஓட்டிக்கொண்டு வருவார்கள். தார் வீதியில் அது இறுகும். வளைவில் வாகனம் தடுமாறும், இழுவையும் போகும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டிருந்தால் இன்னும் மோசம். மணலுக்கோ சேற்றுக்கோ டயர்க் காற்றைக் குறைத்தவர்கள் திரும்பவும் அடித்தார்களா என்றும் பாருங்கள். பாசிக்குடா மணலில் ஓடிவிட்டு அப்படியே கொழும்புக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மிதி. மிகச் சின்ன விஷயம், ஆனால் மாற்றம் செய்த வாகனங்களில் நான் முதலில் பார்ப்பது. ஒருவர் உள்ளே அக்சிலேட்டரை அடிவரை மிதிக்க, நீங்கள் பொனட்டைத் திறந்து பம்பின் லீவரைப் பாருங்கள். அது கடைசித் தடுப்பில் போய் முட்ட வேண்டும். முட்டவில்லை என்றால் உங்களிடம் முழு இஞ்சின் இல்லை. தடித்த றப்பர் விரிப்பை ஒன்றின்மேல் ஒன்று போட்டவர்களுக்கு மிதி பாதியில் நிற்கும். பொடியை உயர்த்தியவர்களுக்குக் கேபிள் வளைந்து இழுபடும். இஞ்சின் மாற்றியவர்களுக்கு மிதியின் ஓட்டமும் புதுப் பம்பின் ஓட்டமும் பொருந்தாது. மிதி தரையில் இருக்கும்போது லீவர் முக்கால்வாசியில் நிற்கும். இதற்கு ஸ்குரூவைக் கூட்டிய வாகனங்கள் ஏராளம்.

கிளச் சறுக்குகிறதா என்று பார்ப்பது சுலபம். நான்காம் கியரில் 45 அளவில் போய்ச் சட்டென்று முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் கூடாமல் நின்றால், கருகிய மணமும் வந்தால், கிளச் பிளேற் போய்விட்டது. பெரிய டயர் கிளச்சைச் சீக்கிரம் தின்னும்.

புகை சொல்வதைக் கேளுங்கள்

இவை எல்லாம் சரி என்றால்தான் இஞ்சின். இங்கே விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் ஒருவரை அனுப்பிப் பின்னே அமர்ந்தவர் போனில் வீடியோ எடுக்கட்டும். நீங்கள் மூன்றாம் கியரில் பாரத்தோடு முழுதாக மிதியுங்கள். நிற்கும் வாகனத்தை உறும விட்டுப் பார்க்கும் புகை முழுக் கதையைச் சொல்லாது. பாரம் இருக்கும்போது வரும் புகைதான் பேசும்.

புகையே இல்லை, இழுவையும் இல்லை: டீசல் போதவில்லை. கறுப்புப் புகை, இழுவை இல்லை: காற்று போதவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது நொசில் பூவாய்த் தூவாமல் ஒழுகுகிறது. வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் மணம்: டீசல் எரியாமல் வருகிறது, பம்ப் டைமிங் (டீசல் தூவும் நேரம்) பிந்தியிருக்கலாம், கொம்பிரஷன் குறைந்திருக்கலாம். நீலம்: ஒயில் எரிகிறது. டர்போ இல்லாத இஞ்சின் பதுளை உயரத்துக்குப் போனால் கடலோரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும். மேலே காற்று ஐதானது, பம்ப்போ அதே அளவு டீசலைத்தான் கொடுக்கிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தப் பிரிவுதான் முக்கியம். கறுப்பாய்ப் புகைக்கிற வாகனத்துக்கு டீசலைக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை. புகைக்காத வாகனத்துக்கும், டீசல் ஏன் வரவில்லை என்று தெரியாமல் கூட்டுவதில் அர்த்தம் இல்லை.

புகை இல்லாத வாகனத்தை எடுப்போம். டீசல் பில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். வட்டையில் டிராக்டருக்கென்று பெரலில் வைத்த டீசலை ஊற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி. 2022இல் வரிசையில் நின்று கிடைத்ததையெல்லாம் கேன்களில் சேர்த்து வைத்தோமே, அந்த நாட்களின் வண்டல் இன்னும் சில டாங்கிகளின் அடியில் கிடக்கிறது. மண்ணெண்ணெய் கலந்து ஓடிய பம்ப்புகளும் உண்டு. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அது போதாது, தேய்மானம் பிறகு தெரியவரும்.

பில்டர் புதிது, ஆனாலும் இழுக்கவில்லை. அப்போது நான் ஐந்து லீற்றர் கேன் முறைக்குப் போவேன். சுத்தமான டீசல் கேனைப் பொனட்டுக்குள், புகைக் குழாயிலிருந்து விலக்கி, அசையாமல் கட்டுங்கள். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, வேறு குழாயால் நேரே கேனிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். திரும்பிப் போகும் குழாயையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். காற்றை வெளியேற்றிவிட்டு அதே வீதியில் அதே சோதனையை ஓடுங்கள். இப்போது இழுத்தால் பம்பில் குற்றம் இல்லை; குற்றம் அதற்குப் பின்னால், டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில். டாங்கிக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள வலை அடைபட்டிருக்கும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு: முதலில் நன்றாக ஓடும், பத்து நிமிடத்தில் தளரும், நிறுத்தி ஓய்வு கொடுத்தால் மறுகா நன்றாக ஓடும். வலையில் ஒட்டிய கசடு நிறுத்தும்போது விழுந்துவிடுவதால் அப்படி. டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டாலும் இதே குணம்தான். தளரும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உறிஞ்சினால் அதுதான்.

குழாய் காற்றை உறிஞ்சுகிறதா என்று அறிய, பம்புக்குப் போகும் வழியில் ஒரு துண்டு தெளிந்த குழாயைப் போடுங்கள். இஞ்சின் ஓடும்போது அதில் குமிழி ஓடக்கூடாது. பெரிய டாங்கி மாற்றியவர்கள், இரண்டாவது டாங்கி போட்டவர்கள், இதை முதலில் பாருங்கள். கிளிப் போட்ட இடத்தில் டீசல் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குப் படாது.

டர்போ வாகனமும் புகைக்காமல் சோம்பினால், பம்பின் தலையில் ஒரு சின்னத் தட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் காற்றுக் குழாய் பக்கமிருந்து விரல் தடிப்புக்கும் குறைந்த ஒரு றப்பர் ஹோஸ் வரும். டர்போ காற்று அழுத்தம் கூடும்போது அந்த அழுத்தம் இதன் வழியே பம்புக்குச் சேதி சொல்லும். பம்ப் டீசலைக் கூட்டும். ஹோஸ் வெடித்தாலோ, நசிந்தாலோ, உள்ளே உள்ள சவ்வு கிழிந்தாலோ சேதி போகாது. டர்போ வேலை செய்யும், டீசல் வராது. நான் மேலே சொன்ன எயார் ஹோர்ன் வாகனத்தில் நடந்தது இதுதான். ஹோர்னின் கம்பிரசரைப் பூட்டிய தகடு அந்த ஹோஸைச் சுவரோடு நசித்திருந்தது. தகட்டை இரண்டு அங்குலம் தள்ளிப் பூட்டினோம்.

இனிக் கறுப்புப் புகை. எயார் கிளீனரிலிருந்து தொடங்குங்கள். வெட்டுக் காலத்தில் வட்டைக்குள் பறக்கும் பதரும் தூசும் ஒரு போகத்திலேயே பில்டரை மூடிவிடும். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிய வாகனத்தில் காகித பில்டர் நனைந்து, காய்ந்து, மட்டைபோல் விறைத்திருக்கும். மேலுக்குப் பார்த்தால் சுத்தம், காற்றுப் போகாது. தட்டித் திரும்பப் போடுவது வேலை இல்லை, மாற்றுங்கள். ஸ்நோர்கல் பூட்டியவர்கள் அதன் வாயையும் முழங்கை மூட்டையும் கழற்றிப் பாருங்கள். நாட்கணக்கில் நிறுத்திய வாகனத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மூட்டு இறுக்கமில்லை என்றால் இன்னும் ஆபத்து: இழுவை குறையாது, ஆனால் வெள்ளத்தில் தண்ணீர் நேரே இஞ்சினுக்குள் போகும்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பு பில்டர் போடுவது. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் அது உறிஞ்சுவது பொனட்டுக்குள் கொதிக்கும் காற்றை. ஆவணி வெயிலில் நம் பக்கம் வெளிக் காற்றே சூடு. றேடியேட்டரைத் தாண்டி வந்தது அதைவிடச் சூடு. சூடான காற்று ஐதானது. கம்பனி கொடுத்த பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கத்தான் அந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

டர்போவுக்கும் இஞ்சினுக்கும் இடையிலான ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். வெடித்த இடத்தைச் சுற்றி ஒயில் ஈரம் படிந்து தூசு ஒட்டியிருக்கும். பாரத்தில் மட்டும் திறக்கிற வெடிப்புகள் உண்டு. அதற்கு ஹோஸின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையால் ஒரு பாருக்கு மேற்படாமல் காற்றடித்து, சவர்க்கார நீர் தடவினால் குமிழி காட்டும். எயார் கிளீனரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸ் வேறு மாதிரி ஏமாற்றும். வெளியே நல்ல மாதிரி இருக்கும், உள்படை பிரிந்திருக்கும். ஆர்பிஎம் கூடும்போது உள்ளே உறிஞ்சுபட்டுத் தொண்டையை அடைக்கும். விலை குறைந்த ஹோஸ் போட்ட இடங்களில் இதைத் தேடுங்கள்.

இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) இஞ்சின் மேல் படுத்திருக்கும் மொடல்களில் பொனட்டில் ஒரு மூக்குத் துவாரம் இருக்கும். அதற்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் ஒரு றப்பர் வளையம் உண்டு. வேறு பொனட் போட்டவர்கள், வளையத்தைத் தொலைத்தவர்கள், காற்றை இன்டர்கூலருக்கு மேலால் கடத்திக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்க இன்டர்கூலர் என்றால் இரும்பு பம்பரும் விஞ்சும் மேலதிக லைற்றுகளும் காற்றை மறைக்கின்றனவா என்று குந்தியிருந்து பாருங்கள்.

சைலன்சர் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லில் அடிபட்டுக் குழாய் நசிந்ததா என்று கீழே படுத்துப் பாருங்கள். உள்தகடு கழன்று வழியை அடைத்தால், முன் மூட்டைச் சற்றுத் தளர்த்தி ஒரு குறுகிய ஓட்டம் ஓடினாலே தெரிந்துவிடும். டர்போ இல்லாத இஞ்சினுக்குப் பெரிய குழாய் போட்டால் பெரிதாய்க் கிடைப்பது சத்தம்.

வெள்ளைப் புகை, அதுவும் டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கியது என்றால், வேறு எதையும் தேடாமல் பெல்ட் குறிகளைத் திரும்பப் பாருங்கள். ஹைலக்ஸ் எல் வகை இஞ்சின்களிலும் 4டி56இலும் டீசல் பம்பைச் சுற்றுவது அந்தப் பெல்ட்தான். ஒரு பல் தள்ளினால் வாகனம் ஓடும், ஆனால் சோம்பும்.

கொம்மன் ரெயில் வைத்திருப்பவர்களுக்கு

ஹைலக்ஸின் 1கேடி, 2கேடி மாதிரியானவற்றில் முதல் வேலை, மேலதிகமாகப் பூட்டிய டியூனிங் பெட்டியைக் கழற்றிக் கம்பனி இணைப்பைத் திரும்பக் கொடுப்பது. அது இருக்கும்வரை ஸ்கேனர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. சில பெட்டிகள் ரெயில் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லி இஞ்சினை ஏமாற்றித்தான் வலு எடுக்கின்றன. அதன்பிறகு ஸ்கேன். மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றால், கம்பியூட்டர் தானே வலுவைக் கட்டிப்போட்டிருக்கிறது. குறியீட்டை அழிக்க முதல் எழுதிக்கொள்ளுங்கள். ஒயில் தடவும் வகை பில்டர் போட்டவர்களுக்குக் காற்றின் அளவைப் பார்க்கும் சென்சரில் ஒயில் படியும். அதற்கென்றே உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். பம்பில் உள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வும், டர்போவின் இறக்கைகளை அசைக்கும் கம்பி கரியால் இறுகுவதும் வழமையான குற்றவாளிகள்.

கடைசியாக, கொம்பிரஷனும் ஸ்குரூவும்

எல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் இஞ்சின் ஐடிலில் (மிதிக்காமல்) ஓட, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. கொம்பிரஷன் கேஜ் போடுங்கள். இந்தப் பழைய டீசல்களில் நல்ல இஞ்சின் 30 பார் அளவு காட்டும். 20க்குக் கீழே போனால் இஞ்சின் வேலைதான். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து 5 பார் விலகி நின்றாலும் அப்படித்தான். தேய்ந்த இஞ்சினுக்குப் பம்பைக் கூட்டுவது களைத்த மாட்டுக்கு அடி கூட்டுவது மாதிரி.

எல்லாம் சரி, வாகனம் ஆரோக்கியம், 31 அங்குல டயரும் பாரமும்தான் காரணம் என்று தெரிந்தால்? அதற்கு நேரான மருந்து டிபரன்சல். 4.1க்குப் பதில் 4.4 அளவுக்கு வந்தால் பழைய இழுவை திரும்பும். ஹைலக்ஸுக்கு 4.3, 4.556 என்று பற்கள் உண்டு. பழைய சாமான் கடைகளில் தேடலாம். நான்கு சில்லு ஓடும் வாகனத்தில் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். பின்னை மட்டும் மாற்றிவிட்டு 4எச் போட்டால் அன்றைக்கே ஏதாவது உடையும். காசு இல்லையென்றால் சின்ன டயருக்குத் திரும்புங்கள். பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகும் ஸ்குரூதான் வேண்டும் என்றால், டர்போ உள்ள வாகனத்துக்கு மட்டும் செய்வேன். முதலில் டர்போவுக்கு முன்னால் புகைச் சூட்டுமானி பூட்ட வேண்டும். பழைய நிலையைப் பெயின்ற்றால் குறித்து, எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் போவதில்லை. ஸ்குரூ கூடினால் ஐடிலும் கூடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஐடில் காரணமில்லாமல் உயர்ந்து வரும் வாகனத்தில், யாரோ ஏற்கெனவே திருப்பியிருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவதும் அதனால்தான். நீண்ட ஏற்றத்தில் சூடு 700 பாகை செல்சியஸைத் தாண்டி நின்றால் காலை எடுத்துவிடுங்கள். 4டி56இன் ஹெட் அலுமினியம். அது வெடித்த செலவு ஒரு சோடி டிபரன்சலைவிட அதிகம். வருடாந்த வரிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். கறுப்பு அடித்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். இஞ்சின் மாற்றிய வாகனம் என்றால், புது இஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.